சுங்கை சிப்புட் கல்யாணமும் உன் மண்டபக் கேள்வியும்

அன்புள்ள கூட்டாளிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு வேண்டாம், உன் வீட்டம்மா சொல்வதைக் கேள். பதிலுக்கு நானும் பேசி அனுப்பலாம்தான், ஆனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாகப் பேசுவது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை, பாதியில் இருமல் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். உனக்குத்தான் இப்போது உட்கார்ந்திருப்பதே வேலை.

நீ கேட்டது இரண்டு. தங்கச்சி மகன் கல்யாணம் எப்படி நடந்தது என்பது ஒன்று, உன் மகள் கல்யாணத்தைக் கிள்ளானில் மண்டபம் பிடித்து வைப்பதா நம் ஊரான சுங்கை சிப்புட்டில் வைப்பதா என்பது இன்னொன்று. முதல் கதையைச் சொல்லி முடித்தால் இரண்டாவதற்கும் என் பதில் உனக்கே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை விடியற்காலை குளுவாங்கில் இருந்து கிளம்பினோம். பையன் ஓட்டினான். பக்கத்தில் அம்மா. 86 வயதாகிறது, முன் சீட்டை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பின்னால் நானும் வீட்டுக்காரியும் பேத்தியும், எங்களுக்குப் பின்னால் சீட்டை மடக்கிவிட்டுச் சீர்த்தட்டு பதினொன்று. தாய்மாமன் என்றால் சும்மாவா? பழமும் வெற்றிலையும் ஈப்போவில் வாங்கிக்கொள்ளலாம், மாலையும் அங்கேயே சொல்லி வைத்திருக்கிறேன் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வீட்டுக்காரி கேட்கவில்லை. ஈப்போ வெற்றிலையை நம்பி என் நாத்தனார் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது என்றாள். வெற்றிலை ஐஸ் பெட்டியில் ஏறியது, என் துணிமணிப் பை வீட்டிலேயே தங்கப் பார்த்தது.

சுதந்திர தினமான மெர்டேகா இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வந்ததால் திங்களும் லீவு. மூன்று நாள் சேர்ந்து கிடைத்தால் இந்த மலேசியாவில் கார் வைத்திருக்கிற அத்தனை பேரும் நெடுஞ்சாலையில்தான் இருப்பார்கள். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதுமாகத் திறந்தபோது, புக்கிட் காயு ஹீத்தாமில் இருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர், இனிமேல் எந்தக் கல்யாணத்துக்கும் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று நாம் இரண்டு பேரும் கணக்குப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆயர் ஹீத்தாமில் ஏறினதில் இருந்து சிரம்பான் வரை அந்தக் கணக்கு சரியாகத்தான் வந்தது. பாகோ ஓய்விடத்தில் நிறுத்திப் பசியாறினோம், வீட்டு இட்லி, கடை தே தாரிக். கோலாலம்பூருக்குள் போகாமல் எலைட் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி ரவாங் பக்கம் வந்து சேர்ந்தோம், அங்கே பிடித்தது சனி. தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள் பேத்தி இரண்டு தரம் தூங்கி இரண்டு தரம் எழுந்துவிட்டாள். போனில் வழிகாட்டும் வேஸில் மேலே சிலிம் ரிவர், தாப்பா என்று போகப் போகச் சிவப்புக் கோடு.

"எறங்குடா, பழைய ரோட்டைப் புடி" என்றார் அம்மா. பையனுக்கு மனமில்லை, வேஸ் அப்படிச் சொல்லவில்லையே பாட்டி என்றான். வேஸ் பிறப்பதற்கு முன்னாலேயே நான் இந்த ரோட்டில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன் என்று அம்மா சொன்ன பிறகு அவன் வாய் திறக்கவில்லை. சிலிம் ரிவரில் இறங்கினோம். நேரம் மிச்சமானதா என்று கேட்டால், இல்லை. பீடோரில் ஒரு நெரிசல், கம்பாரில் இன்னொன்று. ஆனால் நெடுஞ்சாலையில் டோல் தொகையைத் தவிர எதையும் பேசாமல் வந்த அம்மா, பழைய ரோட்டில் இறங்கின பிறகு ஈப்போ வரை வாய் மூடவில்லை.

அவர் பேசினது எல்லாம் கல்யாணம்தான். இந்தப் பக்கம் உள்ளே போனால் ஒரு தோட்டம், உங்கள் பெரியம்மாவைக் கொடுத்தது அங்கே. அந்தப் பாலத்துக்கு அப்பால் ஒரு தோட்டம், அங்கிருந்து பெண் கேட்டு வந்தார்கள், பையன் கள்ளுக்கடைக் கேஸ் என்று தெரிந்து திருப்பி அனுப்பினோம். பெண் கொடுத்தது எங்கே, எடுத்தது எங்கே, சண்டை போட்டுக்கொண்டு பந்தியில் பாதியில் எழுந்தது எங்கே, எல்லாம் வரிசையாக வருகிறது. வெளியே பார்த்தால் செம்பனை, மறுபடியும் செம்பனை, நடுவில் ஒரு தாமான், புதுக் குடியிருப்பு. ரப்பர் மரத்தைத் தேடினால்தான் கிடைக்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் இருக்கிற இடங்களில் இப்போது இந்தோனேசியாக்காரர்களும் வங்காளதேசிகளும் குடியிருக்கிறார்கள், நம் ஆட்கள் விட்டுப்போன மாரியம்மன் கோவில் மட்டும் செம்பனைக்கு நடுவில் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து வந்து செய்துவிட்டுப் போகிறார்களாம்.

கோப்பெங் வந்ததும், பத்து காஜா போகிற ரோட்டில் இருக்கிற கெல்லி மாளிகையைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி அடம். அவள் பள்ளியில் யாரோ பேய்க்கதை சொல்லியிருக்கிறார்கள். நேரமில்லை என்று சமாதானம் சொல்லிக் கதையை மட்டும் சொன்னேன். 1915-இல் கட்ட ஆரம்பித்து, வேலைக்கு மெட்ராஸ் பக்கத்தில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அவர்களில் பலர் காய்ச்சலில் செத்துப்போக, கெல்லி துரை அந்த ஆட்களுக்காக ஒரு மாரியம்மன் கோவில் கட்டிக் கொடுத்தார், 1926-இல் அவரே லிஸ்பனில் இறந்துபோனதால் மாளிகை பாதியில் நின்றது. அந்தக் கோவில் கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளைக் கோட்டுப் போட்டுத் தொப்பி வைத்த அவர் உருவமும் நிற்கிறது என்றதும் பேத்திக்குப் பேயைவிட அது பிடித்துப்போனது. திரும்பும்போது காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், திரும்பும்போது நல்ல மழை, இன்னும் கடன் பாக்கி.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஈப்போவில் மாலையை எடுத்துக்கொண்டு சிம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட் ரோட்டில் போகும்போது, அம்மா தன் அக்கா கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. 1948 ஜூன் 16-இல் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதும் அவசரகாலம் வந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரிந்த கதை. நாம் வளர்ந்த ஊரே அந்தக் கதைக்குப் பேர் போனதுதானே. ஆனால் அந்த அவசரகாலத்தில் ஒரு கல்யாணம் நடந்தால் எப்படி இருக்கும் என்று நீ யோசித்திருக்கிறாயா? லயத்தைச் சுற்றி முள்வேலி, பொழுது சாய்ந்தால் வெளியே தலைகாட்டக் கூடாது, அரிசி அளந்துதான் கொடுப்பார்கள், சமைத்த சோற்றை வேலிக்கு வெளியே கொண்டுபோனால் கம்யூனிஸ்டுக்குக் கொடுக்கிறாய் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவான். பெரியம்மா கல்யாணத்துக்கு ராத்திரி விருந்தே இல்லை. பகலில் தாலி கட்டி, பகலிலேயே பந்தி போட்டு, இருட்டுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் லாரி ஏறிவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அம்மாவின் தாய்மாமனுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. மாமன் வராமலேயே பட்டம் கட்டினார்கள், வேறு யாரோ ஒரு பங்காளி. "அத நெனச்சு எங்கம்மா சாகுற வரைக்கும் அழுதுச்சு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, நீ ஏன் இன்னும் மெதுவாகப் போகச் சொல்கிறாய், வேகமாகப் போகச் சொல் என்று ஒரு அதட்டல். ஓட்டுவது நானில்லை என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

நலங்குக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமன் கை வைக்காமல் மஞ்சள் பூசக் கூடாது என்று தங்கச்சி பிடித்து வைத்திருக்கிறாள். மருமகன் பாவம், பினாங்குத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்தவன், உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக் கண்ணைத் திறக்கிறான்.

கல்யாணம் மறுநாள் காலை கோவிலில், சாப்பாடும் வரவேற்பும் டவுன் மண்டபத்தில். பெண் சுங்கை பட்டாணி, அரசாங்க மருத்துவமனையில் நர்ஸ், நல்ல பிள்ளை, முதல் நாளே அம்மாவின் மாத்திரைப் பையை வாங்கிப் பார்த்து எது எப்போது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பதிவெல்லாம் ஒரு மாசம் முன்னாலேயே முடித்துவிட்டார்கள். (உன் மகள் விஷயத்தில் இதை மறந்துவிடாதே. பதிவிலாகாவில் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். கோவில்களிலேயே துணைப் பதிவதிகாரி இருக்கிறார் என்றாலும் கடைசி வாரத்தில் ஓடாதே.) அம்மாவுக்கு இந்தப் பதிவு சமாச்சாரமே வேடிக்கை. 1958-இல் தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டினார்கள், பூசாரியும் வேலையாட்களை மேய்க்கிற மண்டோரும்தான் சாட்சி, கடுதாசி கிடையாது. பதிவு கட்டாயம் என்ற சட்டம் 1982 மார்ச்சில்தான் நடப்புக்கு வந்தது. "கடுதாசி இல்லாமலே உங்கப்பன் ஓடிப்போகல" என்று பெண் வீட்டாரிடம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார்.

நான் பட்டம் கட்டினேன். கை நடுங்கியது, அதை வீடியோக்காரன் நெருக்கமாக வேறு எடுத்துவிட்டான்.

சாப்பாடு பரவாயில்லை. கேட்டரிங்தான். ரசம் நன்றாக இருந்தது, பாயாசத்தில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். முன்னே மாதிரி லயத்துப் பெண்கள் ராத்திரி முழுக்கத் தேங்காய் துருவி, வெங்காயம் உரித்து, கண்ணெல்லாம் சிவந்து, மறுநாள் புதுச்சேலை கட்டக்கூட நேரமில்லாமல் நின்ற காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள்தான், கவனித்திருக்கிறாயா? என் வீட்டுக்காரி ஏங்கவில்லை. மொய் மேசையில் கியூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். இளசுகள் போனைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அம்மா கவரில் 50 வெள்ளி (ரிங்கிட்) வைத்து நீட்டி, நோட்டில் எழுது என்றார். நோட்டு இல்லை. எங்கிருந்தோ ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து எழுதின பிறகுதான் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்ற கிழவர் கிழவிகள் அத்தனை பேரும் தங்கள் பேரையும் எழுதச் சொல்லி வரிசை பிடித்துக்கொண்டார்கள். ஊர் என்ன என்று அந்தப் பையன் கேட்டால், மூன்றாவது லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகைப் பக்கம் என்று பதில்.

இந்தக் கிழவர் கிழவிகளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். தங்கச்சி ஒரு வேன் பிடித்திருந்தாள். நம் தோட்டம் கைமாறினபோது வெளியே வந்தவர்களில், பிள்ளைகளோடு கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போக முடியாமல் சுங்கை சிப்புட்டைச் சுற்றியே மலிவு வீடுகளில் தங்கிவிட்டவர்களை எல்லாம் அந்த வேன் நடை நடையாகக் கொண்டுவந்து இறக்கியது. காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டில் பேர் கூப்பிடுவாரே, அந்தப் பெரிய மண்டோர், சக்கர நாற்காலியில் வந்தார், காது சுத்தமாகப் போய்விட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஸ்டோருக்கு எதிர் வீட்டு அக்கா வந்தது. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியே, ஒட்டுப்பாலை, அந்தக் காய்ந்த ரப்பர் பாலை, திருடிப் பந்து சுற்றுவானே அவன் எங்கே என்றுதான். முட்டி ஆபரேஷன் என்றேன். திருடித் திருடி ஓடினதில் தேய்ந்துபோயிருக்கும் என்றது. உன் மகளுக்குக் கல்யாணம் என்று சொன்னதும் எங்கே, எப்போது என்று கேட்டது. கிள்ளானில் இருக்கலாம் என்றேன். "சரிப்பா, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லவில்லை. கிள்ளானுக்கு எப்படி வரும்? மகன் சிங்கப்பூரில். ரயிலில் ஏற்றிவிடவும் ஆளில்லை, இறக்கிக் கூட்டிப்போகவும் ஆளில்லை.

நீ சொல்கிற காரணங்கள் எனக்குப் புரிகின்றன. கிள்ளான் என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கம், உன் மகளின் ஆபீஸ் சிநேகிதிகளுக்குப் பக்கம், மண்டபமும் நல்ல ஏசி மண்டபம். சுங்கை சிப்புட்டில் தங்க நல்ல ஹோட்டல் அதிகம் இல்லை, ஈப்போவிலோ கோலகங்சாரிலோதான் ரூம் போட வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் வரப்போகிறவர்களை இரண்டாகப் பிரித்துப் பார். கார் இருக்கிறவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். கார் இருக்கிறவன் எங்கே வைத்தாலும் வருவான், வழியில் நெரிசலைத் திட்டிக்கொண்டே வருவான், ஓய்விடத்தில் நாலு இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டு வருவான், வந்து சேர்ந்த பிறகு அந்தக் கதையையே ஒரு மணி நேரம் சொல்வான். கார் இல்லாதவர்கள் ஒரே ஓர் இடத்தில், நம் ஊரில் வைத்தால்தான் வருவார்கள். அந்தக் காலத்தில் துரையிடம் சொல்லித் தோட்டத்து லாரியைக் கேட்டு வாங்கி, பலகை போட்டு, பாய் விரித்து, கைக்குழந்தையில் இருந்து கிழவி வரை ஏற்றிக்கொண்டு போனோம். யார் விட்டுப்போனாலும் லாரி கிளம்பாது. இப்போது அவரவர் காரில் அவரவர் குடும்பம். விட்டுப்போனவரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அம்மா இன்னொன்றும் சொன்னார், திரும்பும்போது. 1960-இல் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிற காலத்தில், அப்போது மந்திரியாக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிக்கு ஒரு பங்கு எடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தாரே, அப்போது 10 வெள்ளி பெரிய காசு. அப்பாவுக்கு முதல் தவணை கட்டக் கையில் இல்லை, உன் அப்பாதான் கொடுத்தாராம். இதுவும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா? அந்தப் பங்குப் புத்தகம் இன்னும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இதைச் சொல்லி உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அம்மா சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். அவர் எதையும் சும்மா சொல்லச் சொல்கிற ஆளில்லை என்பது உனக்கே தெரியும்.

மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. தாலி கட்டுவதும் பகல் சாப்பாடும் சுங்கை சிப்புட்டில், அடுத்த வாரம் கிள்ளானில் ராத்திரி வரவேற்பு. ஆபீஸ்காரர்கள் அங்கே வரட்டும், ஏசியும் இருக்கும், சவுண்டு சிஸ்டம் வேண்டிய அளவு கத்தட்டும். செலவு கொஞ்சம் கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே மண்டப வாடகை கிள்ளானில் கேட்கிற மாதிரி கேட்க மாட்டார்கள். மாதம் பார்த்தால் கார்த்திகைதான் வசதி. மார்கழி பிறந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தையில் என்றால் தைப்பூச நெரிசல், நான் பட்டது போதும். கார்த்திகையில் சாயங்கால மழை உண்டு, அதனால் எல்லாவற்றையும் மத்தியானத்துக்குள் முடித்துவிட வேண்டும். பெரியம்மா கல்யாணமும் பகலில்தானே முடிந்தது என்கிறார் அம்மா.

உன் முட்டியைப் பற்றிக் கவலைப்படாதே. பையனை அனுப்புகிறேன், பூச்சோங்கில் வந்து உங்களை ஏற்றிக்கொண்டு வருவான். முன் சீட்டு மட்டும் கிடைக்காது.

தங்கச்சி மண்டபக்காரரிடம் விசாரித்துவிட்டாள். கார்த்திகையில் இரண்டு ஞாயிறுதான் காலியாக இருக்கிறதாம், அதில் ஒன்றுக்கு ஏற்கனவே யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் பேசிவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல். முன்பணத்தை இங்கே இருந்து நானே கட்டிவிடுகிறேன், அப்புறம் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி
குளுவாங்